இரண வைத்தியர் அபுல் காசிம்

எங்கள் கல்முனைக் கரையிலே இப்னு சீனாவின் பெயரை அறியாத மாணாக்கர் அரியர். யூனானி வைத்தியரிடம் சூரணப் பொட்டலம் வாங்கிவரும் மூதாட்டியர்க்கும் அது காதில் விழுந்த பெயரே. ஆனால், அந்த இப்னு சீனா இருபது வயது இளைஞராயிருந்த காலத்தில், அரபு மொழி வழங்கிய உலகின் மேற்குக் கோடியில், முதுமை எய்திய வைத்தியர் ஒருவர் தம் வாழ்நாள் அனுபவம் முழுவதையும் முப்பது பகுதிகள் கொண்ட பெருநூலாக எழுதி முடித்துக்கொண்டிருந்தார். அபுல் காசிம் அஸ்ஸஹ்ராவி என்பது அவர் பெயர். மீலாத் விழாக் கட்டுரைகளில் நம் மாணவர் அவரைச் சத்திரசிகிச்சையின் தந்தை என்று ஒரு வரியில் வாழ்த்திவிட்டு அடுத்த பெயருக்குப் போய்விடுகின்றனர். அந்த ஒரு வரிக்குள் அடங்குபவரல்லர் அவர். அவர் கத்தி எடுத்த இடங்களைக் காட்டிலும், கத்தியை எடுக்குமுன் தயங்கி நின்ற இடங்களே என்னை அவர்பால் ஈர்த்தன.

ஸ்பானிய நாட்டின் தென்பகுதி அக்காலத்தில் அந்தலுஸ் எனப்பட்டது. அதன் தலைநகர் குர்துபா. இன்று கோர்டோபா என்பர். மூன்றாம் அப்துர் ரஹ்மான் 929ஆம் ஆண்டில் தம்மைக் கலீபாவாக அறிவித்துக்கொண்ட பின்னர், குர்துபாவுக்கு மேற்கே மலையடிவாரத்தில் புதிய அரச நகரம் ஒன்றை எழுப்பத் தொடங்கினார். 936ஆம் ஆண்டளவில் தொடங்கிய அந்நகருக்கு மதீனத்துஸ் ஸஹ்ரா என்று பெயர். ஏறத்தாழ அதே ஆண்டிலேயே கலஃப் இப்னு அப்பாஸ் என்ற அபுல் காசிமும் பிறந்தார் என்பது அறிஞர் கொள்கை. நகரும் மனிதரும் ஒத்த வயதினர் என்னலாம். நம் புலவர்கள் ஊர்ப் பெயரைத் தம் பெயருக்கு முன்னே ஒட்டிக்கொள்வதுபோல அவர் தம் பெயருக்குப் பின்னே ஒட்டிக்கொண்டார். ஸஹ்ராவி என்றால் ஸஹ்ரா நகரத்தார் என்று பொருள். அன்சாரி என்ற அடைமொழியும் அவருக்குண்டு. மதீனாவில் நபிகளாரை வரவேற்று ஆதரித்த குடிகளின் வழிவந்தோர்க்குரிய அடைமொழி அது.

அவர் வாழ்ந்த குர்துபா புத்தகப் பித்துப் பிடித்த நகரம். இரண்டாம் ஹகம் மன்னரின் நூலகத்தில் நாலு இலட்சம் ஏடுகள் இருந்தன என்பர். பாதியாகக் குறைத்துக்கொண்டாலும் வியப்புக் குறைவதில்லை. அம்மன்னரின் அவையிலே அபுல் காசிம் வைத்தியராயிருந்தார் என்று வழிவழியாகச் சொல்லி வருகின்றனர். அவர் காலத்து இளைஞராயிருந்து பின்னர் பேரறிஞரான இப்னு ஹஸ்ம், அந்தலுஸ் நாட்டின் பெருமைகளைத் தொகுத்துரைக்கையில் இவருடைய நூலையும் ஒன்றாக எடுத்துப் போற்றினார். வாழ்க்கைக் குறிப்புகள் இவ்வளவில் நின்றுவிடுகின்றன. மனிதரைக் காணவேண்டுமாயின் அவருடைய நூலுக்குள்தான் புகவேண்டும்.

கிதாபுத் தஸ்ரீஃப் எனச் சுருக்கமாக வழங்கும் அந்நூல் 1000ஆம் ஆண்டளவில் நிறைவெய்தியது. தாமே நூல்களைத் திரட்டித் தொகுக்க இயலாதவனுக்கு உதவுவது என்ற கருத்தில் அதன் முழுப்பெயர் அமைந்துள்ளது. மருந்து, உணவு, நோய்க்குறி யாவும் பேசிவந்த ஆசிரியர், இரண வைத்தியத்தைக் கடைசிப் பகுதிக்கு ஒதுக்கினார். மற்றவற்றைக் கல்லாதவன் கத்தியைத் தொடலாகாது என்பதே அந்த வரிசையின் கருத்து என்று நான் கொள்கிறேன். அப்பகுதியும் சுடுகோல் வைத்தியம், கீறலும் அறுத்தலும், எலும்பு பொருத்தல் என்று மூன்றாய் விரிகிறது. இருநூறளவிலான கருவிகளின் படங்களை அதில் அவர் வரைந்து சேர்த்தார். விலங்கின் குடலிலிருந்து எடுத்த நூலால் உள்ளுறுப்பைத் தைக்கும் முறையும் அங்கே உண்டு. மாணாக்கரை விளிக்கும் இடமெல்லாம் அவர் என் மைந்தர்களே என்றே விளிக்கிறார். முப்பதாண்டாக வகுப்பறையில் நின்றவன் என்பதால், அந்த விளியில் அன்பு எவ்வளவு, அச்சம் எவ்வளவு என்பது எனக்குத் தெரிகிறது.

அச்சத்துக்குக் காரணமிருந்தது. தம் நாட்டில் இரண வைத்தியம் அழிந்துபோயிற்று என்று அவர் முன்னுரையிலே வருந்துகிறார். உடற்கூறு கல்லாமல் கத்தி பிடிப்போர் பெருகிவிட்டனர் என்பது அவர் குறை. அதற்குச் சான்றாகத் தாம் கண்ட கேடுகளை அடுக்குகிறார். கிழவர் ஒருவரின் மூத்திரப்பையிலிருந்த பெரிய கல்லை எடுக்கப் புகுந்தவன், கல்லோடு பையின் ஒரு துண்டையும் பிய்த்தெடுத்தான். கிழவர் மூன்றாம் நாள் மாண்டார். கால் முறிந்து புண்ணும் உற்றிருந்த ஒருவனுக்கு, புண்ணீர் வடிய வழிவிடாமல் இறுகக் கட்டினான் வேறொருவன்; கால் அழுகிற்று. எல்லாவற்றிலும் முதலாவதாக அவர் சொல்வது ஒரு பெண்ணின் கதை. அவள் கழுத்திலே கட்டியொன்று இருந்தது. அறிவற்ற வைத்தியன் ஒருவன் அதைக் கீறினான். கழுத்தின் நாடிகள் எங்கே ஓடுகின்றன என்பதை அவன் அறியான். நாடி அறுபட்டது. அவன் கைகளுக்கிடையிலேயே அவள் குருதி வடிந்து இறந்தாள்.

கட்டி என்று பொதுப்படச் சொன்னேன். நம் பழைய வைத்திய நூலார் கழுத்தில் மாலைபோல் வரிசையாய்த் திரளும் கட்டிகளைக் கண்டமாலை என்பர். தனித்துத் திரண்டு நிற்பதைக் கழலை என்பர். அந்தப் பெண்ணுக்கு இருந்தது கண்டமாலை. மிடற்றின் முன்னே, கேடய வடிவிலமைந்த தைரொயிட்டுச் சுரப்பி வீங்குவதைக் கண்டக்கழலை என வழங்குகிறோம். 19ஆம் நூற்றாண்டில் மானிப்பாயிலிருந்து சாமுவேல் பிஸ்க் கிறீன் வைத்தியர் ஆங்கில மருத்துவ நூல்களைத் தமிழ்ப்படுத்திய நாள்தொட்டு இத்தகைய சொற்களுக்கு நம் மொழியிலே பஞ்சமில்லை, எடுத்தாள்வோருக்கே பஞ்சம்.

கண்டக்கழலைக்கு அபுல் காசிம் தனி அதிகாரமே வகுத்தார். அது பெண்டிரிடத்தே மிகுதி என்கிறார். இன்றைய மருத்துவரும் அதையே சொல்வர். இயற்கையாய் அமைந்தது, பின்னர் வந்தது என இருவகை காட்டி, முன்னதைத் தொடவேண்டா என்று விலக்குகிறார். பின்னர் வந்ததிலும் இரண்டு உண்டு: கொழுப்புப் பை போன்றது ஒன்று, நாடி புடைத்தெழுந்தாற் போன்றது மற்றொன்று. இரண்டாவதை வெட்டுவது உயிருக்கு ஆபத்து. வெளியிலிருந்து பார்ப்பவனுக்கோ இரண்டும் ஒரே வீக்கந்தான். ஆகவே கத்திக்கு முன்னே கூரிய துளைகருவி ஒன்றை வீக்கத்துள் செலுத்தி, உள்ளிருப்பது யாது என்று பார்க்கச் சொல்கிறார். கொழுப்புப் பை போன்றிருந்து, குருதி நாளங்கள் எதனோடும் ஒட்டாதிருந்தால் மட்டும், அதையும் சிறியதாயின் மட்டுமே, உறையோடு முழுமையாய் எடுக்கலாம் என்பது அவர் விதி.

இவர் 952ஆம் ஆண்டில் பெரியதொரு கண்டக்கழலையை அறுத்து நீக்கினார் என்று பல நூல்களில் எழுதியிருக்கிறார்கள். 936இல் பிறந்தவருக்கு அப்போது பதினாறு வயது! பெருமை சேர்ப்பதாக எண்ணி ஒருவர் எழுதியதை மற்றவர் பார்த்தெழுதியதாகவே தோன்றுகிறது. அவருக்கு அந்தப் பெருமை வேண்டியதில்லை. வெட்டும் முன் ஊசியால் வினவு என்று எழுதிவைத்தாரே, அதுவொன்றே போதும். கிரேக்க வைத்தியர் பவுலின் நூலை அவர் பல இடங்களில் தழுவினார் என்பதையும் மறைக்கவேண்டியதில்லை. தழுவியதோடு தாம் கண்டதைச் சேர்த்தார், காணாததைக் கண்டதாகச் சொல்லவில்லை.

இத்தனை ஊன்றி அந்த அதிகாரத்தை நான் படித்தமைக்குக் காரணம் என் கழுத்திலே இருக்கிறது. சென்ற ஆண்டு ஒருநாள் நோன்பு திறக்கையில், நான் தண்ணீர் விழுங்கும்போதெல்லாம் வாப்பாவின் கழுத்தில் ஏதோ ஏறி இறங்குகிறது என்று என் மகள் தன் உம்மாவிடம் சொன்னாள். வலப்புறத்தில் ஒரு பாக்கு அளவு. நோவில்லை, வேறு தொந்தரவுமில்லை. ஸ்கான் படம் எடுத்தார்கள். பின்னர் மெல்லிய ஊசியைச் செலுத்திச் சில உயிரணுக்களை உறிஞ்சியெடுத்துக் கண்ணாடித் துண்டில் பூசி, நுண்பெருக்கிக்கு அனுப்பினார்கள். புற்று என்றோ புற்றல்ல என்றோ ஒரு சொல் வரும் என்று வீடு முழுவதும் காத்திருந்தது. வந்த அறிக்கை இரண்டையும் சொல்லவில்லை.

வைத்தியர் பொறுமையாக விளக்கினார். அமெரிக்காவின் பெதஸ்டா நகரில் 2007இல் கூடிய அறிஞர் வகுத்த முறைப்படி இவ்வறிக்கைகளை ஆறு வகுப்பாகப் பிரிப்பர். முதலாவது, எடுத்த அணுக்கள் போதாமை. இரண்டாவது, தீங்கற்றது. ஆறாவது, புற்று. ஐந்தாவது, பெரிதும் ஐயத்துக்குரியது. நடுவிலுள்ள மூன்றும் நான்கும் முடிவு கூற இயலாதவை. என்னுடையது நான்கு. இவ்வகுப்பினரை ஆராய்ந்து பார்த்ததில், 100க்கு 30 பேரளவில் புற்றுடையோராகவும், எஞ்சியோர் புற்றில்லாதோராகவும் காணப்பட்டனர் என்பது 2023ஆம் ஆண்டுப் பதிப்பின் கணக்கு.

வீட்டிலே ஆளுக்கொரு தீர்ப்பு. ஊசி குத்தியவர்களுக்குத் தெரியாமற் போயிற்று, வேறிடத்தில் மீண்டும் குத்திப் பார்ப்போம் மச்சான் என்று மனைவியின் தம்பி நின்றார். கத்தி பட்டால் பரவிவிடும் என்று என் மூத்த ராத்தா அழுதார். பரவிவிடும் என்ற அச்சம் நம் ஊர்களிலே எத்தனையோ பேரைக் காலங்கடத்தச் செய்திருக்கிறது. அதற்கு ஆதாரம் ஏதுமில்லை என்பதை அன்னாருக்கு உணர்த்த இரண்டு மாதம் பிடித்தது. மூன்றாம் வகுப்பாயின் மீண்டும் ஊசி வைத்துப் பார்ப்பதிலே பயனுண்டாம். நான்காம் வகுப்பில் ஊசியை எத்தனை முறை செலுத்தினாலும் பெரும்பாலும் அதே விடைதான் வரும். செய்தவர் கையிலும் பார்த்தவர் கண்ணிலும் குறையில்லை. குறை, ஊசி என்ற கருவியின் எல்லையிலே இருக்கிறது.

அஃது எவ்வாறு என்பதை என் மாணவருக்கு யாப்பிலக்கணங் கொண்டு விளக்கினேன். ஒரு பாட்டிலிருந்து நாலைந்து இயற்சீர்களை மட்டும் பிய்த்தெடுத்துக் கையிலே கொடுத்து, இது வெண்பாவா ஆசிரியப்பாவா என்று கேட்டால் எந்தப் பண்டிதனும் விடை சொல்ல இயலாது. அச்சீர்கள் இரண்டிலும் வரும். தளை எப்படிக் கட்டியிருக்கிறது, ஈற்றடி முச்சீராய் முடிகிறதா என்று பார்க்க முழுப்பாட்டும் வேண்டும். கழலையும் அப்படியே. தைரொயிட்டுச் சுரப்பி நுண்ணிய பைகளால் ஆனது. அப்பைகளின் அணுக்கள் பெருகித் திரண்ட தீங்கற்ற கழலையிலும், அவ்வகைப் புற்றிலும், அணுக்கள் தனித்தனியே ஒன்றுபோலவே தோன்றும். புற்றாயின் தன்னைச் சூழ்ந்த உறையை எங்கேனும் உடைத்துக்கொண்டு வெளியேறியிருக்கும், அல்லது குருதி நாளத்துள் புகுந்திருக்கும். ஊசி சீர்களைக் கொண்டுவரும், உறையைக் கொண்டுவராது. கழலையை முழுமையாய் எடுத்து அதன் உறையைச் சுற்றிலும் ஆராய்ந்தால்தான் தீர்ப்பு. ஆகவே எனக்குச் சொல்லப்பட்ட சத்திரசிகிச்சை மருந்தாவதற்கு முன்னே ஒரு வினாவாகவே அமைகிறது.

இதை அறிந்தபின் பழைய அதிகாரத்தை மீண்டும் புரட்டினேன். உறை உண்டா, குருதி நாளத்தோடு ஒட்டியிருக்கிறதா என்று அபுல் காசிம் கேட்டிருக்கிறார். அவர் கேட்டது குருதிப்பெருக்குக்கு அஞ்சி. இன்று கேட்பது புற்றைத் தேடி. நோக்கம் வேறு. ஆயினும் உறையும் நாளமும் என்ற அவ்விரண்டு சொற்களைக் கண்டபோது, ஆயிரமாண்டுக்கு அப்பாலிருந்து ஒருவர் என் கட்டிலருகே வந்து நின்றாற்போலிருந்தது.

உயிரச்சத்தைக் காட்டிலும் என்னை வாட்டியது குரலச்சம். செய்யுளை ஓசை கெடாமற் படித்துக்காட்டத்தான் எனக்குச் சம்பளம். குரல்வளையை இயக்கும் நரம்பு மார்புவரை இறங்கித் திரும்பி மேலேறி, அந்தச் சுரப்பியின் முதுகை உரசிக்கொண்டே போகிறது. பண்டைய கலேன் வைத்தியரே அதை அறிந்திருந்தார். சிறுவனொருவன் கழுத்துக் கட்டிகளை நகத்தால் பிய்த்தெடுத்த மூடன் அவன் குரலையும் கெடுத்த கதையை அவர் எழுதியிருக்கிறார். அபுல் காசிமிடத்தோ இதற்கு நேர்மாறான கதையொன்றைக் கண்டேன். அடிமைப் பெண் ஒருத்தி கத்தியெடுத்துத் தன் தொண்டையிலேயே பாய்ச்சிக்கொண்டாள். அவரை அழைத்தார்கள். அறுக்கப்பட்ட பிராணிபோல அவள் ஒலியெழுப்பிக்கொண்டு கிடந்தாள். அவர் பதறவில்லை. புண்ணைப் பார்த்தார். குருதி சிறிதே, பெருநாடியும் பெருநாளமும் தப்பியிருந்தன, மூச்சுக்குழலில் வெட்டு, அதன்வழியே காற்று வெளியேறிற்று. விரைந்து தைத்தார். புண் ஆறிற்று. சில நாளில் அவள் பழைய நிலைக்கு மீண்டாள். குரலில் மட்டும் சிறிது கரகரப்பு. இதனாலே, மூச்சுக்குழலைத் திறப்பது அஞ்சத்தக்க செயலன்று என்ற முடிவுக்கு அவர் வந்தார். ஓர் ஏழைப் பெண்ணின் துயரத்தை அவர் கைவேலையின் பெருமையாக எழுதவில்லை. பின்வருவோர்க்கு ஒரு பாடமாக எழுதினார்.

அவர் காலத்துக்குப் பின்னரும் கண்டக்கழலையை அறுப்பது நெடுங்காலம் கொலைத்தொழில் போலவே இருந்தது. சுவிற்சர்லாந்தின் பேர்ண் நகரிலே தியோடர் கோச்சர் என்ற பேராசிரியர் 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் அதை அச்சமற்ற கலையாக்கினார்; 1909இல் நோபல் பரிசும் பெற்றார். முழுச் சுரப்பியையும் எடுத்துவிட்டால் நோயாளர் மந்தமாகி, உடல் ஊதி, அறிவு மங்கிப்போவதை 1883இல் அவர் உலகுக்கு எடுத்துரைத்தார். ஆட்டின் சுரப்பிச் சாற்றால் அக்குறையைத் தீர்க்கலாம் என்று 1891இல் ஜோர்ஜ் மறே காட்டினார். இன்று நாள்தோறும் ஒரு சிறு குளிசை போதும். எனக்கோ வலப்பாதியை மட்டும் எடுப்பதென்று முடிவாகியிருக்கிறது. எஞ்சிய பாதியே பலருக்குப் போதுமாம். எடுத்த பாதியில் புற்றுக் காணப்பட்டால் மீண்டும் ஒருமுறை மேசைக்குப் போக நேரலாம் என்பதையும் வைத்தியர் மறைக்கவில்லை. தவணை விடுமுறையில் நாள் குறித்திருக்கிறார்கள். அதற்குள் பதினோராம் வகுப்புக்குச் செய்யுட்பகுதியை முடித்துவிடவேண்டும்.

மறைக்காமற் சொல்வது என்றேன். முதிர்ந்து பெருத்த புற்றைப் பற்றி எழுதும்போது அபுல் காசிம், அத்தகையது ஒன்றையும் தாம் குணப்படுத்தியதில்லை, தமக்கு முன்னிருந்தோர் குணப்படுத்தியதையும் கண்டதில்லை என்று ஒப்புக்கொள்கிறார். சிறியதாய், முழுவதும் எடுக்கத்தக்க இடத்தில், தொடக்கத்திலேயே கண்டால் எடு என்கிறார். மற்றதன் அருகே போகாதே என்கிறார். மன்னர் அவையோடு தொடர்புடைய ஒருவர், தம் பெயர் நிலைக்க எழுதிய நூலிலே, தம்மால் ஆகாததை இவ்வளவு வெளிப்படையாய் எழுதிவைத்தது எனக்கு அவருடைய கருவிகள் அனைத்தினும் பெரிதாகத் தோன்றுகிறது.

அவருடைய முதுமை அமைதியாய்க் கழியவில்லை. 1009ஆம் ஆண்டில் கலீபா ஆட்சியிலே உட்பகை மூண்டது. அடுத்த ஆண்டுகளில் ஸஹ்ரா நகரம் சூறையாடப்பட்டது. 1013இல் குர்துபாவும் வீழ்ந்து கொள்ளைபோயிற்று. அவ்வாண்டளவிலேயே அபுல் காசிமும் இறந்தார். தம்மோடு பிறந்த நகரம் தமக்கு முன்னரே இடிந்ததைக் கண்ட பின்னர் இறந்தவர் அவர். அங்குள்ள மண்ணை 1911ஆம் ஆண்டு முதல் அகழ்ந்து வருகின்றனர். 2018இல் அது உலக மரபுச் சின்னமாக ஏற்கப்பட்டது.

நகரம் அழிந்தாலும் ஏடு தப்பிற்று. 12ஆம் நூற்றாண்டில் தொலேதோ நகரிலே கிரெமோனா ஊராரான ஜெரார்ட் அதன் இரண வைத்தியப் பகுதியை இலத்தீனில் பெயர்த்தார். அதிலிருந்து மேனாட்டார்க்கு அவர் அபுல்காசிஸ் ஆனார். பிரெஞ்சு நாட்டின் கீ த ஷோலியாக் 1363இல் எழுதிய பெருநூலில் இருநூறு முறைக்கு மேல் அவர் பெயரை எடுத்தாண்டார். 1497இல் வெனிஸ் நகரில் அச்சேறிற்று. 1778இல் ஒக்ஸ்போர்ட்டில் அரபும் இலத்தீனுமாய் வெளிவந்தது. நான் படித்தது, அரபும் ஆங்கிலமும் எதிரெதிர்ப் பக்கங்களில் நிற்க 1973இல் வந்த பதிப்பு. கண்டக்கழலை அதிகாரம் அதிலே மிகச் சிறியது. துளைகருவியைச் சொல்லி, உறையைச் சொல்லி, புண் ஆறும்வரை பார்க்கவேண்டிய பராமரிப்பையும் சொல்லிவிட்டு, ஆசிரியர் வேறு கழலை வகைகளுக்குப் போய்விடுகிறார். அவற்றுக்குப் பின்னே கருவிகளின் படங்கள் தொடங்குகின்றன. அந்தத் துளைகருவி அங்கே பெரிது, நடுத்தரம், சிறிது என்று மூன்று அளவில் வரையப்பட்டிருக்கிறது.